மலைக்கு ஏறிப் போன வள்ளம்

இன்று காலை குழாயைத் திறந்ததும் தண்ணீர் கலங்கலாக வந்தது. மலையில் மழை விழத் தொடங்கிவிட்டது போலிருக்கிறது. ஒரு செம்பில் பிடித்து முகத்தருகே கொண்டுபோனேன். ஊறிய இலை, நனைந்த பாறை, எங்கோ முறிந்த ஈத்தை மூங்கில் தண்டின் பச்சை வாசம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் மற்றவர்கள் குழாயில் துணியைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கோ அது உன் வீட்டு முற்றத்து வாசம். செம்பை அப்படியே வைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று கை பரபரத்தது இன்றைக்குத்தான்.

உங்கள் ஈத்தங்குழி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களிடம், தாமிரபரணி பெயர் வாங்குவதற்கு முன்பு ஓடுகிற இடம் என்று சொல்வேன். பாபநாசத்துக்கு மேலே காரையாறு அணை. பேருந்து அதோடு நின்றுவிடும். பிறகு தண்ணீர், கண்ணுக்கு எட்டும் வரை தண்ணீர். அதற்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் நடந்தால் உங்கள் காணிக்காரக் குடியின் வீடுகள். ஈத்தையால் பின்னிய சுவரும் புல் வேய்ந்த கூரையுமாக, மரங்களுக்கு இடையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனவை போல இருக்கும். நான் அணைக்குக் கீழே இருந்த துணை சுகாதார நிலையத்துக்குச் செவிலியாக வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். அருவி பார்க்க வருபவர்களை ஏற்றிக்கொண்டு போகும் படகில் தொற்றிக்கொண்டு, தடுப்பூசிப் பெட்டியோடு உங்கள் கரையில் இறங்கினேன்.

ஒற்றைப் பாறை ஒன்றின் அருகே நீ நின்றுகொண்டிருந்தாய். என் வயதுதான் இருக்கும். என்னைத் தாண்டிப் போக விடவில்லை.

"கொஞ்சம் இங்கன இருங்க. மூட்டுக்காணிட்ட சொல்லி விட்டிருக்கு. அவரு வரச்சொன்னா போவலாம்."

"மருந்து கெட்டுப் போயிரும்மா," என்றேன் எரிச்சலோடு. உங்கள் குடித்தலைவரை மூட்டுக்காணி என்று சொல்வார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"பெட்டிய நெழல்ல வைங்க," என்று நீயே வாங்கி வைத்தாய். பிறகு மடியிலிருந்து சுட்ட மரவள்ளிக்கிழங்கை எடுத்துப் பிட்டு, காந்தாரி மிளகாயோடு நீட்டினாய். எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. நீ சிரித்த சிரிப்பில் பாறைக்குப் பின்னாலிருந்த ஏதோ ஒரு பறவை எழுந்து பறந்தது. கீழே விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்ததாகவும், அப்புறம் மலை கூப்பிட்டதால் வந்துவிட்டதாகவும் சொன்னாய். மலை எப்படிக் கூப்பிடும் என்று கேட்டேன். "ஒங்களுக்கு ஒங்க அம்மா எப்படிக் கூப்பிடுவாங்க? அப்படித்தான்," என்றாய்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒருநாள் என் வாழ்க்கை வேறு மாதிரி ஆனது. நான் கருவாடு கொண்டுவருவேன். அது உனக்கு உயிர். நீ தேன் தருவாய். பிள்ளைகளுக்கு ஊசி போட்டு முடிந்ததும் ஓடைக்குப் போய்க் காலை நனைத்துக்கொண்டு உட்காருவோம். மேகம் மரங்களுக்குள் இறங்கி வந்து நம் இருவருக்கும் நடுவில் புகுந்து போகும். பேசிக்கொண்டே இருப்பாய், உன் முகம் தெரியாது. பிறகு மெல்ல மெல்லத் தெரியும். அந்த மத்தியானங்களை இப்போது நினைத்தால் நான்தான் கற்பனை செய்துகொண்டேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஈத்தங்குழியும் அணைக்குக் கீழே இருந்த தெருக்களும் ஒரே ஊராட்சி. உங்கள் வார்டைப் பழங்குடிப் பெண்ணுக்கு ஒதுக்கினார்கள். மூட்டுக்காணி உன்னைப் பார்த்து, "எழுத்துத் தெரிஞ்சவ நீதான். நீ போ," என்று சொன்னாராம். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. முதல் கூட்டத்துக்கு நீ விடியற்காலையிலேயே புறப்பட்டு வந்தாய். திரும்பும்போது என் அறைக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாய்.

"என்னட்டி பேசுனாங்க?"

"தெரியல நர்ஸம்மா. எனக்குப் போட்ட நாற்காலிக்கு ஒரு காலு கட்டை. கூட்டம் முடியுத வரைக்கும் விழாம இருக்கதுதான் எனக்குச் சோலியா இருந்துச்சு."

அடுத்த கூட்டத்துக்குக் காட்டிலிருந்து ஒரு மரச்சில்லைக் கொண்டுபோய் அந்தக் காலுக்குக் கீழே சொருகி வைத்துவிட்டு உட்கார்ந்தாய். ஊராட்சித் தலைவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். வாழை போட்டிருந்த பெரிய விவசாயி அவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. நல்ல மனுஷன் என்றுதான் நீயும் சொல்வாய், நானும் சொல்வேன்.

அதற்கு அடுத்த ஐப்பசியில்தான் உன் மைனி போனாள்.

உன் அண்ணன் மனைவி. முதல் பிரசவம். வலி கண்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று உங்கள் மருத்துவச்சிக் கிழவிக்குத் தெரிந்ததும் அவளைத் துணித் தொட்டிலில் போட்டுக் கரைக்குத் தூக்கி வந்துவிட்டீர்கள். மழைக்காலம். அருவிக்கு ஆள் வராததால் படகு ஓடவில்லை. படகோட்டி கீழே தன் ஊருக்குப் போயிருந்தார். இந்தக் கரையில் நான் நின்றேன். அந்தக் கரையில் நீங்கள் எறும்புக் கூட்டம் மாதிரி தெரிந்தீர்கள். யாரோ சிவப்புத் துணி ஒன்றை அசைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆள் அனுப்பி, படகோட்டி வந்து, எந்திரத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது அந்தத் துணி நின்றுவிட்டது. மழைத் திரைக்குள் நீங்கள் திரும்பி நடப்பது தெரிந்தது. யாரும் ஓடவில்லை.

துணியை அசைத்தது நீதான் என்று பிறகு சொன்னாய். தோள் பல நாள் வலித்ததாம்.

அந்தச் சாவுக்குப் பிறகு அரசாங்கத்திலிருந்து ஒரு யோசனை வந்தது. ஈத்தங்குழிக் குடும்பங்களை அணைக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம். வரிசையாக ஓட்டு வீடு, மின்சாரம், பக்கத்திலேயே பள்ளிக்கூடம், பேருந்து. ஊராட்சி சம்மதம் தெரிவித்தால் போதும். தலைவர் அண்ணாச்சி உன்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நீ நேராக என்னிடம் வந்தாய். நான் சந்தோஷத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒத்துக்கோட்டி. இனி ஒருத்திகூட அப்படிச் சாவ மாட்டா."

"நானும் கீழ வரணும்னுதான் நெனைக்கேன் நர்ஸம்மா," என்றாய். "ஆனா கேக்கணும்லா."

நீ கேட்டதை நான் பார்த்தேன். ஒரு நாள் பகலில் குடி முழுவதும் பலாமரத்தடியில் கூடியது. ஓரமாக என்னையும் உட்கார வைத்தாய். முதலில் உன் எண்ணத்தைச் சொன்னாய்: போகலாம், பிள்ளைகளுக்கு நல்லது, மைனிக்கு வந்தது வேறு யாருக்கும் வர வேண்டாம். அப்புறம் ஒவ்வொருவர் முன்னாலும் போய் உட்கார்ந்து கேட்டாய். மூட்டுக்காணியில் தொடங்கி, முதல் நாள் கல்யாணமாகி வந்த பெண் வரைக்கும். உங்கள் பேச்சு எனக்குப் பாதிதான் விளங்கும். மலையாளமும் தமிழும் மழையில் கரைந்த மாதிரி ஒரு பேச்சு. ஆனால் தலையசைப்பு புரிந்தது. பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் அசைந்தது. கடைசியாக உன் அண்ணன். அவர் எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

"அவள இங்கனதான் வச்சிருக்கு. அவளுக்குப் பக்கத்துல பிள்ளையும் கெடக்கு. நான் எப்படிக் கீழ போயி வெளக்கப் போட்டுட்டு உக்காருவேன்?"

பலாமரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஊராட்சிக் கூட்டத்தில் நானும் இருந்தேன். சுகாதார அறிக்கை வாசிக்க வேண்டியிருந்தது. தலைவர் உன் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, ஒங்க ஆளுவ என்ன சொல்லுதாங்க?"

நீ எழுந்து நின்றாய். "வரலேங்காங்க அண்ணாச்சி."

"நீ என்ன சொல்லுத?"

"நான் அவுங்க மெம்பரு. அவுங்க சொன்னதத்தான் சொல்லுதேன்."

மற்ற உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். வீடு கட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்கிறார்களே என்று ஒருவர் தலையிலடித்துக்கொண்டார். நீ உட்காரவில்லை.

"எங்களுக்கு ஒரு வள்ளம் வேணும். எங்க கரையில கெடக்கணும். யாருக்கும் சொல்லியனுப்பாம, நாங்களே எடுத்து, நாங்களே தள்ளிட்டு வரணும். அது இருந்திருந்தா எங்க மைனி இருந்திருப்பா."

அலுவலகத்துக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில் நான் உன்னைப் பிடித்தேன். இருவருமே குரலை உயர்த்திப் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

"கீழ வரணும்னு நீதானட்டி சொன்ன?"

"ஆமா. நான் சொன்னேன், அவுங்க கேட்டாங்க. அப்புறம் அவுங்க சொன்னாங்க, நான் கேட்டேன்."

"இன்னொரு பொம்பள செத்தா?"

"செத்தா நானும்தான் அழுவேன் நர்ஸம்மா. ஒங்களவிடக் கூடத்தான் அழுவேன்." சொல்லிவிட்டுப் பேருந்து ஏறாமலேயே மலைப் பாதையில் நடந்துவிட்டாய்.

நான் சொன்னது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. நீ செய்ததும் தப்பில்லை. அப்படி இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் ஊசி, மாத்திரை, பிள்ளையின் எடை என்று மட்டுமே பேசிக்கொண்டோம். கருவாடு கொண்டுவந்தேன். நீ வாங்கிக்கொண்டாய். ஓடைக்கு மட்டும் போகவில்லை.

வள்ளத்துக்கு அனுமதி கிடைக்க நாளானது. நீ அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் நடையாய் நடந்தாய். தலைவர் அண்ணாச்சி பல தடவை கூட வந்தார். வள்ளத்தைத் தேடிப் பிடித்ததும் அவர்தான். ஆற்றின் மறுமுனையில், கடலோடு கலக்கும் புன்னக்காயலில் அவருக்குத் தெரிந்தவர் இருந்தார். அங்கே எல்லாரும் ஃபைபர் படகுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். கரையில் சும்மா கிடந்த ஒரு மர வள்ளம் லாரியில் ஏறியது.

அது வந்த காலையை மறக்கவே முடியாது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் மேகம் நின்றிருந்தது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு முதலில் வள்ளத்தின் மூக்கு மட்டும் வந்தது; லாரி தெரியவில்லை. கடல்தான் மலை ஏறி வந்துவிட்டதோ என்று நின்றுவிட்டேன். பலகைகளில் உப்பு பூத்திருந்தது. மூக்கில் ஒரு வெள்ளைச் சிலுவை, அடியில் பாதி அழிந்துபோன ஏதோ ஒரு புனிதரின் பெயர். கூடவே வயதான மீனவர் ஒருவர் வந்திருந்தார், சூசை அண்ணாச்சி. அணைத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தார்.

"சர்க்கரையால்லா இருக்கு! இம்புட்டுத் தண்ணியில ஒரு கல்லு உப்பு இல்லயே," என்றார். பிறகு உன்னிடம், "நீங்க குடிச்சு மிச்சம் விட்டதத்தான் தாயி நாங்க அங்கன கடைசியில குடிக்கோம்," என்றார்.

நீ வள்ளத்தின் மூக்கில் மஞ்சள் பூசினாய். சிலுவையை அழித்துவிடுவாயோ என்று பார்த்தேன். அதைச் சுற்றிப் பூசி, அதற்கும் ஒரு பொட்டு வைத்தாய். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் முழங்காலிடுகிற நானும் குனிந்து அந்த மூக்கைத் தொட்டுக்கொண்டேன். சூசை அண்ணாச்சி சில நாள் தங்கி உங்கள் ஆட்களுக்குத் துடுப்புப் போடப் பழக்கினார். உன் அண்ணன்தான் முதலில் பழகிக்கொண்டார். மனைவி போனதிலிருந்து அதிகம் வாய் திறக்காதவர், "பைய, பைய" என்று மற்றவர்களை அதட்டும் சத்தம் தண்ணீர்மேல் கேட்டது. அன்றைக்குக் கரையில் நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். உன் தோள் என் தோளில் பட்டது. அது போதுமாக இருந்தது.

அதற்கடுத்த வருஷம் நீ உண்டாகியிருந்தாய். கடைசி மாதத்தில் கீழே வந்து என்னோடு தங்கு என்று சொல்லிப் பார்த்தேன். "வலி வரட்டும், வள்ளத்துல வாரேன்," என்றாய். வலி நான் குறித்துக் கொடுத்ததற்கு முன்னாலேயே வந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் தேன் எடுக்கக் காட்டுக்குள் போயிருந்தார். உன் அண்ணனும் மருத்துவச்சிக் கிழவியும் உன்னை வள்ளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இந்தப் பக்கம், அன்று படகோட்டி காலையிலேயே வந்து எந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் கேட்டார்.

"சிஸ்டர், தண்ணிக்குள்ள யாரோ கூப்புடுத மாதிரி இல்ல?"

அணை தெரியவில்லை. மலை தெரியவில்லை. பாலில் முக்கி எடுத்த மாதிரி எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு படகில் குதித்தேன். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். எந்திரத்தை நிறுத்துவது, காது கொடுப்பது, மறுபடி கொஞ்சம் போவது. திடீரென்று அந்தச் சிலுவையும் மஞ்சளும் என் முகத்துக்கு நேரே வந்து நின்றன.

நான் படகிலிருந்து வள்ளத்துக்குத் தாண்டினேன். நீ பலகையில் சாய்ந்து கிழவியின் மடியைப் பற்றிக்கொண்டிருந்தாய். இனி எந்தக் கரைக்கும் நேரமில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. உன் அண்ணன் வள்ளம் ஆடாமல் இருக்கத் துடுப்பைத் தண்ணீரில் ஆழ இறக்கிப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பி நின்றார்.

"நர்ஸம்மா, பிள்ள நேராத்தானே இருக்கு?" என்று கேட்டாய். அத்தனை வலியிலும் நீ கேட்டது அது ஒன்றைத்தான்.

"நேராத்தாம்ட்டி இருக்கு. தலை தெரியுது. முக்கு."

உன் மகள் என் கைக்குள் வந்து விழுந்தாள். ஒரு கணம் சத்தமே இல்லை. வள்ளத்தின் அடியில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. பிறகு அவள் அழுதாள். அந்த வெள்ளைக்குள் அந்த அழுகை எங்கே போய் எங்கே திரும்பி வந்ததோ, நான்கு பக்கமும் பிள்ளைகள் அழுவது மாதிரி இருந்தது. உன் அண்ணன் துடுப்பைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். கிழவி அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். நீ எனக்கு மொழிபெயர்த்தாய்: "அழு, ஆனா வள்ளத்த ஆட்டாதே."

தொப்புள்கொடியை வெட்டி, உன்னைத் துடைத்து, பிள்ளையைச் சேலையில் சுற்றி உன் நெஞ்சில் வைத்த பிறகு உன் அண்ணன் கேட்டார், "எங்கிட்டுப் போவணும்?"

நீ என்னைப் பார்த்தாய். "நர்ஸம்மா சொல்லட்டும்," என்றாய்.

உன் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். எல்லாம் வேண்டியபடி இருந்தது. பிள்ளை அப்போதே பால் தேட ஆரம்பித்திருந்தது. கீழே என் அறையில் கட்டில் இருந்தது, வெந்நீர் இருந்தது, நான் படித்த படிப்பு அத்தனையும் அந்தப் பக்கம் இருந்தது. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் கண் மட்டும் வெள்ளைக்குள் ஒரு பக்கமாகவே போய்ப் போய் வந்தது.

"ஒங்க கரைக்கே போங்க," என்றேன். "நானும் வாரேன்."

அப்படியே உங்களோடு மூன்று நாள் தங்கினேன். அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர் வைத்தீர்கள். குடியில் எல்லாரும் கூப்பிட்டது "நடுத்தண்ணி" என்றுதான். அந்தப் பெயருக்கு மட்டும்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

அப்புறம் எனக்கு மாறுதல் வந்தது, இடம் இடமாகப் போனேன். நீ இன்னொரு முறையும் உறுப்பினரானாய். வள்ளம் ஒரு வெள்ளத்தில் உடைந்துபோனது என்று கேள்விப்பட்டேன். அதற்குள் வேறு படகு வந்துவிட்டது. பல வருஷம் கழித்து நீ என் வீட்டு வாசலில் நின்றாய், மார்பில் கட்டியோடு. பெரிய ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தேன். வார்டில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். பக்கத்துக் கட்டில்காரி நீ யாரென்று கேட்டதற்கு, "நானும் இந்த வார்டுக்கு மெம்பருதான்," என்றாயே, அவளுக்குப் புரியவில்லை. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இனி செய்வதற்கு அதிகமில்லை என்று மருத்துவர் சொன்ன அன்று மத்தியானம், ஜன்னலோரம் உட்கார்ந்து உன் தலையை வாரிக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷமும் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"அன்னைக்கே எல்லாரும் கீழ வந்திருக்கலாமோட்டி?"

நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு எல்லார்ட்டயும் கேட்டேன் நர்ஸம்மா, ஒருத்தர் விடாம," என்றாய். "மைனிட்டதான் கேக்க முடியல. அவ என்ன சொல்லியிருப்பாளோ."

அடுத்த வாரம் உன்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது. ஒரு மாதம்கூட நீ இருக்கவில்லை. நீ சொன்னபடியே உன்னை உன் மைனிக்கும் அந்தப் பிள்ளைக்கும் பக்கத்தில் வைத்தார்கள். உன் அண்ணன் இப்போதும் மேலேதான் இருக்கிறார். கீழே வா என்றால் சிரிக்கிறார். நடுத்தண்ணி கல்யாணமாகி, தன் விருப்பமாகவே கல்லிடைக்குறிச்சிக்கு இறங்கி வந்துவிட்டாள்; தையல் மிஷின் வைத்திருக்கிறாள். எது சரி என்று இருவரில் யாரும் மற்றவரிடம் சொல்லிக்கொள்வதில்லை.

போன மாதம் எங்கள் கோயிலில் ஒரு கூட்டம். கோயில் நடத்தும் முதியோர் விடுதியை ஊருக்கு வெளியே மாற்றலாமா என்று பேச்சு. எல்லாரும் கையைத் தூக்கினார்கள், நல்ல காரணங்களைச் சொன்னார்கள். எனக்கும் சம்மதம்தான். கையைத் தூக்கப் போனவள் நிறுத்திவிட்டேன். "இங்க வர முடியாம அங்கன படுக்கையில கெடக்காங்களே, அவுங்கட்டக் கேட்டாச்சா?" என்று என் வாய் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்கவில்லை என்றார்கள். அன்று சாயங்காலமே நான் ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்கார்ந்தேன். கடைசிக் கட்டிலில் பேச்சு நின்றுபோன ஒரு அம்மா. அவளிடமும் கேட்டேன். பதில் வராது என்று தெரிந்தும், நீ இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பாயோ அவ்வளவு நேரம் காத்திருந்தேன்.